கேப்டன் பதவியை நோட்டுக்காரருக்குக் கொடுங்கள்

கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலிருந்து நெடுநேரக் கார்ட் பந்தயத்துக்கு அணி சேர்க்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



உங்கள் பேச்சு டீக்கடை பெஞ்சு வரை வந்து சேர்ந்துவிட்டது. யார் வேகமாக ஓட்டுவான் என்பது முதல் கேள்வி, அவன்தான் கேப்டன். அடுத்தது ஜெர்சியின் நிறம். பணம் எங்கிருந்து வரும் என்பது, டீக்குக் காசு கொடுக்கும் நேரத்தில் எழும் மூன்றாவது கேள்வி. இந்த வரிசையை மாற்றுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். முதலில் பணம், கடைசியில் ஜெர்சி. கேப்டன் பதவி வண்டியில் ஏறாத ஒருவருக்கு. அதாவது, நோட்டும் ஸ்டாப்வாட்ச்சும் வைத்துக்கொண்டு பிட்டில் நிற்கப் போகிறவருக்கு.

துபாயில் வேலை பார்த்த காலத்தில், மோட்டார் சிட்டியில் இருக்கும் கார்ட்ட்ரோமில் கூட்டாளிகள் ஓட்டுவார்கள். நான் லேப் எழுதுவேன். 1.2 கிலோமீட்டர் நீளம், 17 வளைவுகள், நடுவில் ஒரு பாலம், அதன்கீழ் ஒரு சுரங்கம். 24 மணி நேரக் கார்ட் பந்தயங்கள் நடக்கும் களம் அது. நோட்டுக்காரன் நோட்டுக்காரனுக்கே ஓட்டுக் கேட்கிறான் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

கார்ட் பந்தயம் என்றதும் பத்து நிமிடம் விரட்டிவிட்டு இறங்குவதுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். நெடுநேரப் பந்தயம் வேறு சாதி. மூன்று மணி, ஆறு மணி, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று நேரம்தான் எல்லை. அதற்குள் அதிக லேப் போட்ட அணி ஜெயிக்கும். ஓட்டுகிறவர்கள் மாறிமாறி ஏற வேண்டும். எத்தனை தடவை பிட்டுக்கு வர வேண்டும், ஒருவர் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் ஓட்டலாம், உடம்பு எடை குறைந்தவர் எவ்வளவு ஈயக்கட்டி சுமக்க வேண்டும் என்பதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கும். பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். அந்தப் புத்தகத்தை அணியில் ஒருவராவது அட்டையிலிருந்து அட்டை வரை படித்திருக்க வேண்டும். பெரும்பாலான அணிகளில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு மணி நேரப் பந்தயம், லேப்புக்கு ஒரு நிமிடம் என்றால் 360 லேப். எட்டுத் தடவை பிட்டுக்கு வர வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஹெல்மெட் பட்டை மாட்டவில்லை, ஈயக்கட்டி எங்கே, அடுத்தவன் கழிப்பறைக்குப் போய்விட்டான் என்று பத்தே விநாடி வீணாகிறது. மொத்தம் 80 விநாடி. ஒரு லேப்புக்கு மேல். லேப்புக்கு 0.3 விநாடி வேகமாக ஓட்டும் உங்கள் சூரன் அதை மீட்க 267 லேப் ஓட வேண்டும், கிட்டத்தட்ட நாலரை மணி நேரம். அவ்வளவு நேரம் அவனை வண்டியில் உட்கார வைக்க விதி இடம் தராது. ஆக, பிட்டில் கொட்டியதை டிராக்கில் அள்ள முடியாது. பல பந்தயங்களில் பிட்டில் குறைந்தபட்சம் இத்தனை நிமிடம் நின்றே ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. ஒரு விநாடி முன்னால் கிளம்பினால் தண்டனை, பத்து விநாடி பிந்தினால் நஷ்டம். பிட் வாசலில் வண்டியை நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக் கையை இறக்குகிறவரின் திறமைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

வாடகைக் கார்ட் பந்தயங்களில் இன்னொரு கூத்து உண்டு. வண்டி உங்களுடையது அல்ல. பல இடங்களில் ஒவ்வொரு பிட்டுக்கும் வண்டியை விட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் வேறு வண்டியில் ஏற வேண்டும். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், ஏறத்தாழ ஒன்பது குதிரைத்திறன்தான். ஆனாலும் ஒன்று பறக்கும், ஒன்று முனகும். "எனக்கு வந்தது மட்டமான வண்டி" என்று இறங்கியதும் புலம்புகிறவர்கள் எல்லா அணியிலும் இருப்பார்கள். விவரமான அணி புலம்பாது, எழுதும். எந்த எண் வண்டியை யார் ஓட்டுகிறார், அவருடைய வழக்கமான லேப் என்ன, இந்த வண்டியில் என்ன வருகிறது, அந்த வண்டி எத்தனை மணிக்குப் பிட்டுக்கு வந்து வரிசையில் எத்தனையாவதாக நிற்கிறது. பத்திருபது அணிகளுக்கு இதை விடாமல் எழுதினால், நல்ல வண்டி வரிசையின் முன்னால் வரும் நேரம் தெரியும். அந்த நேரத்துக்கு உங்கள் ஆளை உள்ளே கூப்பிடலாம். இது திருட்டு வேலை இல்லை. லேப் நேரமெல்லாம் திரையில் எல்லாருக்கும் தெரிகிறது. எழுதி வைத்தவருக்கு மட்டும் பயன்படுகிறது. என்னுடைய அனுபவத்தில் இந்த வேலையை நன்றாகச் செய்தவர்கள் கணக்குப் படித்தவர்களும் மளிகைக் கடைக் கணக்கு எழுதியவர்களும்தான். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இதற்குப் பொறுமை வருவதில்லை.

உள்ளே வா என்று போர்டு காட்டியும் வராதவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1952-ல் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் பியர் லெவேக் என்ற பிரெஞ்சுக்காரர் டால்போ காரில் முன்னணியில் இருந்தார். மாற்று ஓட்டுநர் பிட்டில் தயாராகவே நின்றார். லெவேக் இறங்க மறுத்தார். ராத்திரி முழுக்கவும், மறுநாள் பகலிலும் ஒண்டியாகவே ஓட்டினார். ஏறத்தாழ 23 மணி நேரம் ஓடி, பல லேப் முன்னால் இருந்தபோது எஞ்சின் போய்விட்டது. மெர்சிடஸ் முதலிரண்டு இடத்தையும் எடுத்துக்கொண்டது. எஞ்சினில் ஏதோ சரியில்லை, அது தனக்குத்தான் பிடிபடும் என்று நினைத்து இறங்காமல் இருந்தார் என்றும் சொல்வார்கள். அசந்துபோய்க் கியரைத் தவறாகப் போட்டுவிட்டார் என்றும் சொல்வார்கள். எது உண்மையாக இருந்தாலும் மாற்று ஓட்டுநர் கடைசி வரை ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. இன்றைக்கு லெ மானில் ஆறு மணி நேரத்துக்குள் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தமாக 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது.

உங்கள் அணியிலும் ஒரு லெவேக் இருப்பான். "இன்னும் ரெண்டே லேப்ண்ணே, நல்லா செட் ஆயிருச்சு" என்று சைகை காட்டுவான். அவனை இறக்கும் அதிகாரம் இன்னொரு ஓட்டுநரிடம் இருந்தால் சண்டைதான் வரும், ஏனென்றால் அடுத்து ஏறப்போவது அந்த ஆள். ஏறாதவர் சொன்னால் அதில் ஆதாயம் பார்க்க ஒன்றுமில்லை. கேப்டனை வண்டிக்கு வெளியே வைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் என்பது எல்லாருக்கும் தெரியும். 2009 லெ மான் சங்கதி அவ்வளவாகத் தெரியாது. கொலஸ் அணியின் ஆவ்டி காரில் அவருக்கும் ஓர் இடம். பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரைத் தாண்டும்போது விழுந்து தோள்பட்டை நழுவிவிட்டது. ஒரு லேப் கூடப் பந்தயத்தில் ஓட்ட முடியவில்லை. மூன்று பேருக்குப் பிரித்த வேலையை ஆந்த்ரே லோட்டரரும் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மனும் இரண்டு பேராக ஓட்டி ஏழாவதாக முடித்தார்கள். இவ்வளவு தூரம் போய் பிட் சுவர் காலை வாரிவிட்டதே என்று எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அந்த இரண்டு பேரும் லெவேக் மாதிரி வீம்புக்கு நீண்ட நேரம் ஓட்டியவர்கள் அல்ல. ஆள் குறைந்ததால் அணிக்காக ஓட்டியவர்கள். உங்கள் நாலு பேரில் ஒருவனுக்குப் பந்தயத்தன்று காய்ச்சல் வந்தால் மூன்று பேருக்கு நேரம் எப்படிப் பிரியும்? விதி அதற்கு இடம் தருகிறதா? முந்தின வாரமே அது நோட்டில் இருக்க வேண்டும்.

2025 ஜனவரியில் துபாயில் நடந்ததை நீங்களே எனக்குச் சொல்வீர்கள். உங்களில் பாதிப் பேர் அஜித் ரசிகர்கள். துபாய் ஆட்டோட்ரோமில், அதாவது நான் சொன்ன கார்ட்ட்ரோம் இருக்கும் அதே வளாகத்தில், 24 மணி நேரக் கார் பந்தயம். ஜனவரி 7-ஆம் தேதி பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுற்றிய காட்சியை ஊரே போனில் பார்த்தது. ஆளுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். தன் பெயரில் உள்ள அணி, தன்னைப் பார்க்கக் கடல் கடந்து வந்த கூட்டம். அப்படியிருந்தும் 901-ஆம் எண் போர்ஷேயில் ஓட்டுவதிலிருந்து விலகிக்கொண்டார். மாத்தியூ டெட்ரி, ஃபேபியன் டஃப்யூ, கேமரூன் மெக்லியட் மூன்று பேரும் அதை ஓட்டி, 992 பிரிவில் மூன்றாமிடம் பிடித்தார்கள். அவர் வேறு அணியின் ஜிடி4 காரில் ஏறி ஓட்டினார். கொடியைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடிய படத்தைத்தான் எல்லாரும் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். அவர் விலகுகிறார் என்று சொன்ன அறிக்கையை யாரும் ஒட்டவில்லை.

சரி, ஓட்டுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள்.

கார்ட் 1956-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. ஆர்ட் இங்கெல்ஸ் என்ற பந்தயக் கார் மெக்கானிக் புல்வெட்டும் இயந்திர எஞ்சினை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் மாட்டி உருட்டினார். இன்றும் அமைப்பு ஏறத்தாழ அதுதான். சஸ்பென்ஷன் கிடையாது. டிஃபரன்ஷியல் கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். ஒரே அச்சு இரண்டையும் கட்டிப்போட்டிருப்பதால், உள்பக்கப் பின் சக்கரம் ஒரு நூல் தரையை விட்டு எழும்பினால்தான் வண்டி தாராளமாகத் திரும்பும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சட்டமே முறுகி அதை எழுப்பிவிடும்படித்தான் வண்டியைச் செய்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கை வெடுக்கென்று வெட்டிப் பின்பக்கத்தை வழுக்கவிட்டால், வேகமாகப் போகிற மாதிரி தெரியும். கடிகாரம் வேறு சொல்லும். ஒன்பது குதிரைத்திறனில் ஒரு தடவை இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்க நேர்ச்சாலை முழுக்க வேண்டும். பின்னால் புகை கிளப்புகிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், லேப் கிடைக்காது.

வாடகை வண்டியில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் ஒரே நேரத்தில் அழுத்தாதீர்கள். எஞ்சின் வேகம் கூடினால் தானே பிடித்துக்கொள்ளும் கிளட்ச் அதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மிதித்தால் சூடேறி வழுக்கும். பைக்கில் பழகியவர்களுக்கு அந்தப் பழக்கம் லேசில் போகாது.

சாரலில் வளர்ந்த பிள்ளைகளான உங்களுக்கு மழை ஒரு வரம். கேலிக்காகச் சொல்லவில்லை. காய்ந்த டிராக்கில் எல்லாரும் போகும் தடத்தில் டயர் ரப்பர் படிந்து பிடிப்பு நன்றாக இருக்கும். மழை விழுந்ததும் அதே தடம்தான் முதலில் வழுக்கும். ரப்பர் படியாத வெளிப்பக்கத்துக்குப் போய், வளைவை அகலமாக எடுத்தால் டயர் பிடிக்கும். பழகாத ஆள் பழைய தடத்திலேயே போய் பிரேக்கை மிதித்துக் கிறுகிறுவென்று சுற்றுவான். ஜூன், ஜூலையில் குற்றாலம் ரோட்டிலும் மேக்கரைப் பக்கமும் வண்டி ஓட்டிய கைக்கு, ஈரத்தில் எதையும் மெதுவாகச் செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரியும். கோவையிலோ சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலோ மேகம் கறுத்தால் மற்ற அணிகள் முகம் சுளிக்கும் நேரத்தில், உங்களில் ஈரத்தில் நிதானமானவர் யார் என்று நோட்டைப் பார்த்து அவரை ஏற்றுங்கள். அவர் காய்ந்த டிராக்கில் உங்கள் அணியிலேயே மெதுவானவராகக் கூட இருக்கலாம்.

குற்றாலம் ரோடு என்று சொன்னதற்காக, கொல்லம் – திருமங்கலம் நெடுஞ்சாலையில் ராத்திரி பைக்கில் டைம் பார்ப்பதைப் பயிற்சி என்று கணக்கு எழுதாதீர்கள். கல் லாரிக்கும் கேரளத்துக்குப் போகும் காய்கறி வேனுக்கும் வழிவிடச் சொல்லி நீலக் கொடி காட்ட ஆள் இல்லை.

நம்மூரைச் சுற்றி டிராக் இல்லை என்பது உங்கள் பெரிய குறை. கோவை செட்டிபாளையத்து டிராக்குக்கு மதுரை, திண்டுக்கல் என்று சுற்றிப் போக வேண்டும்; இருங்காட்டுக்கோட்டைக் கார்ட் களம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். மாதாமாதம் போய் ஓட்ட முடியாது. செட்டிபாளையத்து டிராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவரதன் நடுத்தர வசதிக்காரரும் பந்தயம் ஓட்ட வேண்டும் என்று மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி வண்டி கட்டியவர். நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அந்த வகை வண்டியில்தான். ஆனாலும் பெட்ரோலுக்கும் டயருக்கும் பஸ்ஸுக்கும் காசு ஆகத்தான் செய்கிறது. எனவே டிராக்கில் மட்டும் செய்யக்கூடியதை அங்கே வைத்துக்கொண்டு, மற்றதை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள். பள்ளி மைதானத்தில் ஒரு தாழ்வான நாற்காலி போடுங்கள். ஒருவன் இறங்க, ஒருவன் ஏற, மூன்றாமவன் ஈயக்கட்டி மாற்ற, நோட்டுக்காரர் விநாடி சொல்ல, ஒரு சாயங்காலத்துக்கு நாற்பது தடவை செய்யுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் செய்து அதே செட்டிபாளையத்தில் ஓட்டும் ஃபார்முலா பாரத்தில், ஆயிரம் மதிப்பெண்ணில் மிகப் பெரிய தனிப்பங்கு சுமார் 22 கிலோமீட்டர் நெடுநேர ஓட்டத்துக்குத்தான். நடுவில் ஓட்டுநர் மாற வேண்டும், நின்ற வண்டி சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும். மாதக்கணக்கில் கட்டிய வண்டிகள் அந்த இடத்தில் முரண்டு பிடித்து நிற்பதுண்டு. மாறுவதைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்பது கல்லூரிப் பிள்ளைகளும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

உடம்பைப் பற்றிச் சில வரி. கார்ட்டில் முதலில் நோவது விலா, அப்புறம் முன்கை, அப்புறம் கழுத்து. விலாவுக்கு உறை போடாமல் ஏறாதீர்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். பார்டர் பரோட்டாவும் சால்னாவும் பந்தயம் முடிந்த பிறகு.

பணம் முதலில் என்றேன் அல்லவா. நுழைவுக் கட்டணம், பயணம், தங்கல், வண்டிக்குச் சேதம் வந்தால் கட்ட வேண்டிய தொகை என்று எல்லாம் சேர்ந்தது கணக்கு. சேதத்தை இடித்தவன் தனியாகக் கட்டுவதா, அணி பங்கு போடுவதா என்று இடிப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள். இடித்த பிறகு பேசியதில் பிரிந்துபோன அணிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொதுப்பணம் வைத்துக் கூட்டாக ஒரு காரியம் நடத்துவது நம்மூருக்குப் புதிதல்ல. இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் 1941-லேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். போர் முடிந்த கையோடு, 1946-ல், அங்கே உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையும் நிறுவினார்கள். சம்பளத்தில் பிடித்து ஊருக்கும் அனுப்பி, மிச்சத்தில் பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமானால் வரவு செலவு எழுதிய கை எவ்வளவு சுத்தமாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கைகளின் பேரன் பேத்திமார்தான் உங்களில் சிலர்.

தங்கச்சிமாருக்குத் தனியாக ஒன்று. உங்களில் ஒருவரை நோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ள அண்ணன்மார் பார்ப்பார்கள்; இந்த மடலைச் சாட்சிக்கும் காட்டுவார்கள். விடாதீர்கள். ஈயக்கட்டி வைத்து எடையைச் சமன் செய்துவிட்டால் வண்டிக்கு ஆண், பெண் தெரியாது. நிதானமான லேப் போடத் தெரிந்தால் ஏறுங்கள். கேப்டனாக இருக்க விரும்பினால் இருங்கள். இரண்டில் எது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

அண்ணன்மாருக்கும் அதேதான். கேப்டன் வண்டி ஓட்டத் தெரியாதவராக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு ஓட்டாதவராக இருந்தால் போதும். முதல் பந்தயத்தில் ஒருவர் நோட்டு, அடுத்ததில் இன்னொருவர் என்று சுற்றில் விடுங்கள். ஒரு தடவை பிட்டில் நின்று எழுதியவன் அடுத்த தடவை வண்டியில் இருக்கும்போது, போர்டைப் பார்த்ததும் உள்ளே வந்துவிடுவான். கத்த வேண்டியிருக்காது.

என்னிடம் நல்ல ஸ்டாப்வாட்ச் இரண்டு இருக்கிறது. செல்போனை நம்பாதீர்கள், வெயிலில் திரை தெரியாது, நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவன் வர வேண்டாம், நோட்டுக்காரர் வரட்டும். கையெழுத்துப் போட்டுத்தான் தருவேன், திருப்பித் தர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர் அண்ணன் ஒருவன்,
கடையநல்லூர்